நீலம் வெளுக்கும் கரைசல், வெளுக்காத கரைசல்

வணக்கம் நேயர்களே. சாதாரண தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுக்குக் கற்பிப்பவர்களுக்கும், செப்பு சல்பேற்றுக் கரைசலின் மின்பகுப்பை, அதாவது மின்சாரம் செலுத்தி அதைப் பிரிப்பதை, சரியாகச் செய்வது எப்படி என்று சொல்ல வந்திருக்கிறேன்.

கடையில் மயில்துத்தம் என்று கேட்டால் கிடைக்கும் செப்பு சல்பேற்று நீலப் பளிங்கு 12.5 கிராமை 100 மில்லிலீற்றர் வடித்த நீரில் கரையுங்கள். தோட்டத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் செப்புத் தூளை இதற்கு எடுக்கவே கூடாது. அதில் பெரும்பாலும் இருப்பது நீரில் கரையாத செப்புச் சேர்வை.

கரைசலுக்குள் மின்னைக் கொண்டுசெல்லும் மின்வாய்களுக்கு, தீர்ந்துபோன பெரிய டோர்ச் பற்றரிகள் இரண்டின் நடுவிலுள்ள கரிக்கோல்களை எடுங்கள். அல்கலைன் பற்றரியில் கரிக்கோல் இருக்காது, அதை உடைக்க வேண்டாம். கோலை அரத்தாளால் தேய்த்துக் கழுவி, 4 சென்ரிமீற்றர் அளவு கரைசலில் அமிழ்த்துங்கள். நனைந்த பரப்பு ஏறக்குறைய 10 சதுர சென்ரிமீற்றர் வரும். வயரைக் கோலோடு பிடிக்கும் கிளிப் கரைசலில் தொட்டால் அதுவும் அரிக்கப்பட்டு முடிவைக் கெடுக்கும். 1.5 வோல்ற்று பற்றரிகள் இரண்டு (மொத்தம் 3 வோல்ற்று), மாறும் தடை, அம்பியர்மானி ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். சுவர் மின்சாரத்தின் பக்கம் போகவே வேண்டாம்.

மின்னோட்டம் 0.2 அம்பியரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பற்றரியின் மறை முனையோடு இணைந்த கோலான கதோட்டில் செம்மையாகச் செப்புப் படியும், நேர் முனையோடு இணைந்த அனோட்டில் ஒட்சிசன் குமிழி எழும். நேரம் போகப் போக நீலம் வெளுக்கும். நீலத்தைத் தரும் செப்பு அயன்கள், அதாவது மின்னேற்றமுள்ள செப்புத் துகள்கள், குறையக் குறைய, கரைசலில் சல்பூரிக்கமிலம் சேரும்.

இனி கரி அனோட்டை எடுத்துவிட்டு, வீட்டு வயரில் உரித்த செப்புக் கம்பியைச் சுருட்டி வையுங்கள். இப்போது நீலம் வெளுக்காது. கதோட்டில் படியும் அளவு செப்பு அனோட்டிலிருந்து கரைந்து வருகிறது. வினாத்தாளில் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான்: கரைசல் ஒன்றுதான், முடிவை மாற்றியது அனோட்டு.

இந்த மாற்றத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒட்சிசனை வெளியேற்றத் தேவைப்பட்ட வோல்ற்றளவு இப்போது தேவையில்லை. அதனால் அதே 3 வோல்ற்றில் மின்னோட்டம் திடீரென ஏறும். ஏறினால் கதோட்டுக்கு அருகே அயன்கள் வந்து சேருமுன் தீர்ந்துவிடும். ஐதரசனும் சேர்ந்து வெளியேறும். படிவது கபில நிறத் தூளாகி, விரல் பட்டதும் உதிரும். அப்படி உதிர்ந்தால் நிறுவையில் ஒன்றும் பொருந்தாது. செப்புக் கம்பியை இணைக்குமுன் ஒரே பற்றரிக்கு, அதாவது 1.5 வோல்ற்றுக்கு இறக்கி, தடையையும் கூட்டி வையுங்கள்.

படியும் அளவு ஓடிய மின்னின் அளவைப் பொறுத்தது என்று விஞ்ஞானி பரடே 1834இல் வெளியிட்ட விதிப்படி, 0.2 அம்பியர் 30 நிமிடம் ஓடினால் 0.12 கிராம் செப்புப் படிய வேண்டும். கதோட்டைத் துடைக்காமல் நீரில் அமிழ்த்தி எடுத்து, நன்றாக உலர்த்தி நிறுங்கள். பனி மூடிய நாளில் நுவரெலியாப் பக்கம் உலர நெடுநேரம் பிடிக்கும். ஈரத்தோடு நிறுத்தால் கணக்கு கூடித்தான் வரும். குளிர்காலைகளில் கரைசலின் கடத்துதிறனும் குறையும். ஆகவே தடையைச் சற்றுக் குறைத்து 0.2ஐப் பிடியுங்கள். ஆணியைக் கதோட்டாக வைப்பது வேண்டாம். மின்சாரம் இல்லாமலே இரும்பில் செப்புப் படிந்துவிடும்.

முடிந்த கரைசலைப் பீலியிலோ ஓடையிலோ ஊற்றக் கூடாது, செப்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். அமிலம் இருப்பதால் முதலில் நுரைக்கும். நுரை அடங்கி நீலப்பச்சை வீழ்படிவு முழுவதும் கீழே இறங்கியதும் வடிகட்டி, அந்த வண்டலைப் போத்தலில் அடைத்துப் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒப்படையுங்கள்.