நாய்க்குட்டியின் இரவு

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்த முதல் வாரத்திலேயே எழும் கேள்வி இது: "ராத்திரி முழுக்கக் கத்துதே, என்ன செய்யறது?" வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை, விடிந்தால் வேலைக்குப் போக வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்தச் சிரமம் உண்மையானது. ஆனால் இரண்டு மாதக் குட்டி அடம்பிடித்துக் கத்துவதில்லை. அதற்கு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது, அல்லது கத்தினால் என்ன கிடைக்கும் என்பதை நாமே அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதலில் குட்டியின் வயதைப் பாருங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. ஆனாலும் முப்பது, முப்பத்தைந்து நாளிலேயே தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவருகிறார்கள். சின்னதாக வாங்கினால்தான் நம்மோடு ஒட்டும் என்ற நம்பிக்கை தவறு. எவ்வளவு கடித்தால் வலிக்கும், விளையாட்டை எப்போது நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் குட்டி கற்பது கூடப்பிறந்த குட்டிகளிடம்தான். சீக்கிரம் பிரிந்த குட்டி அதிகம் கடிக்கும், அதிகம் பயப்படும், இரவில் அதிக நாள் அழும். ஏற்கெனவே அப்படி வாங்கிவந்துவிட்டீர்கள் என்றால், நான் சொல்லப்போகிற ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதல் இரவு. நேற்றுவரை நாலைந்து குட்டிகளோடு ஒன்றன்மேல் ஒன்றாகச் சூட்டுக்குள் தூங்கிய உயிர் அது. அதைக் கொண்டுபோய் போர்டிகோவிலோ, குளியலறையிலோ, மொட்டை மாடியிலோ தனியாக விட்டால் கத்தத்தான் செய்யும். தாயைத் தொலைத்த குட்டி வேறெதுவும் செய்யாது. அதனால் முதல் வாரம் உங்கள் படுக்கைக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில் வையுங்கள். இதற்கு விலையுயர்ந்த கூண்டு வேண்டாம். குட்டி நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்கும் அளவுள்ள அட்டைப்பெட்டி போதும். ரொம்பப் பெரிய பெட்டி வேண்டாம். ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு இன்னொரு மூலையில் படுக்க இடம் இருந்தால், அடக்கிக்கொள்ளும் பழக்கமே வராது. அடியில் நாளிதழ், மேலே பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போடுங்கள். குட்டியை வாங்கும் இடத்தில் தாயின் உடம்பில் தேய்த்த ஒரு துணி கேட்டு வாங்கி வந்தால், முதல் மூன்று நாள் அதன் வாசனையே பெரிய ஆறுதல். அழும்போது தூக்க வேண்டாம். கையை மட்டும் பெட்டிக்குள் விடுங்கள். விரலை நக்கிப் பார்த்துவிட்டு அப்படியே கண்ணை மூடும்.

அடுத்தது சிறுநீர்ப்பை. குட்டிக்கு எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் அடக்க முடியும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம். பத்தரைக்குப் படுத்தால் ஒன்றரைக்கு எழுந்தே ஆக வேண்டும், நான்கரைக்கு இன்னொரு முறை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குட்டி கத்தி எழுப்பும்வரை காத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால், கத்தினால் கதவு திறக்கும் என்ற பாடம் ஒரே வாரத்தில் பதிந்துவிடும். அதற்குப் பதிலாகக் கைப்பேசியில் அலாரம் வையுங்கள். அது அழுவதற்குக் கால்மணி முன்பே நீங்கள் எழுந்து வெளியே எடுத்துச் செல்லுங்கள். மூன்று நாள் சரியாகப் போனால் அலாரத்தைக் கால்மணி தள்ளிவையுங்கள். இப்படித் தள்ளித் தள்ளி, நான்கு மாதத்தில் இரவுக்கு ஒரு முறை என்றாகிவிடும். பிறகு அதுவும் நின்றுவிடும்.

வெளியே கொண்டுபோகும்போது பெரிய விளக்கைப் போடாதீர்கள், கொஞ்சாதீர்கள். தினமும் ஒரே இடத்துக்குச் சென்று, "போய்ட்டு வா" என்று ஒரே வார்த்தை மட்டும் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் நில்லுங்கள். போய் முடித்ததும் மெதுவாகத் தட்டிக்கொடுத்து நேரே பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். நடு இரவில் ஒரு பந்தை உருட்டினால்கூடப் போதும், மறுநாளிலிருந்து அதே நேரத்துக்கு விளையாடக் கூப்பிடும்.

இப்போது அந்த அழுகைகளுக்குள் இருக்கும் வித்தியாசம். காது கொடுத்துக் கேளுங்கள். படுத்த ஐந்து பத்து நிமிடத்தில் "ங்... ங்..." என்று மூக்கால் முனகி, நடுவில் நிறுத்தி, நீங்கள் அசைகிறீர்களா என்று பார்த்துவிட்டு மறுபடி முனகினால், அது கவனம் கேட்பது. தூங்கி எழுந்து, பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, தரையை மோந்து, பெட்டியைப் பிராண்டி, இடைவெளியே இல்லாமல் குரல் ஏறிக்கொண்டே போனால் அது வயிறோ சிறுநீரோ. இரண்டாவதை ஒருபோதும் அலட்சியம் செய்யக் கூடாது. முதலாவதுக்குக் கையை மட்டும் கொடுக்கலாம். இரண்டு வாரம் கழிந்து அது வீட்டுக்குப் பழகிவிட்ட பிறகு, சாப்பாடு, சிறுநீர், சூடு எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியானால், பேசாமல் விடலாம்.

விடுவது என்று முடிவுசெய்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சத்தம் குறைவதற்கு முன் இரண்டு மூன்று நாள் இன்னும் கூடும். இதுவரை பலித்த வித்தை ஏன் பலிக்கவில்லை என்று அது முழு மூச்சாக முயன்று பார்க்கும். சரியாக அந்த மூன்றாம் நாள் வீட்டுப் பெரியவர் மனம் கேட்காமல் எழுந்துபோய்த் தூக்கிவிடுவார். அரை மணி நேரம் கத்தினால் கட்டாயம் தூக்குவார்கள் என்று குட்டி கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆகவே வீட்டில் எல்லோரும் பேசி ஒரே முடிவில் இருக்க முடியாவிட்டால், இந்த வழியைத் தொடங்கவே வேண்டாம். குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாலைந்து அமைதியான இரவுகளுக்குப் பிறகு, இரண்டு நாளைக்கு ஒரு முறை பெட்டியை இரண்டடி நகர்த்திக்கொண்டே போய் அதன் நிரந்தர இடத்தில் வைப்பதுதான் என் பரிந்துரை.

சாப்பாட்டுக்கு வருவோம். இரண்டு மூன்று மாதக் குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை, கடைசி வேளை ஏழு மணிக்குள். தீவனப் பாக்கெட்டில் எடைக்கேற்ப அச்சிட்டிருக்கும் அளவு ஒரு நாளைக்கானது. அதை ஒரே வேளைக்கு என்று எடுத்துக்கொண்டு போட்டு, இரவெல்லாம் வயிறு ஊதிப் புரளும் குட்டிகள் ஏராளம். இன்னொரு காரணம் பசும்பால். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காது. ராத்திரி ஒரு கிண்ணம் பால் குடித்துவிட்டுத் தூங்கட்டும் என்று அன்போடு கொடுப்பதுதான் இரண்டு மணிக்கு வயிற்றுப்போக்காக வருகிறது. பாலை நிறுத்திய இரண்டே நாளில் இரவு அமைதியாகிவிடுவது உண்டு. தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். நம் ஊர் வெயிலில் அது ஆபத்து. ஒன்பது மணிக்கு மேல் கிண்ணத்தில் கொஞ்சமாக வையுங்கள், போதும்.

பகல் தூக்கம் பற்றி யாரும் கேட்பதில்லை. குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரத்துக்குமேல் தூங்க வேண்டும். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து மாறி மாறித் தூக்கி விளையாடினால் அது தூங்கவே முடியாது. அதன் பலன் இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தெரியும். வாலைச் சுருட்டிக்கொண்டு சோபாவைச் சுற்றி ஓடும், காலைக் கடிக்கும், காரணமில்லாமல் குரைக்கும். இன்னும் ஓடவிட்டால் களைத்துத் தூங்கும் என்று நினைக்கிறோம். ஏற்கெனவே அளவுக்கு மீறிக் களைத்ததால்தான் அந்த ஆட்டம். விழித்திருப்பது ஒரு மணி நேரம், பிறகு பெட்டியில் இரண்டு மணி நேரம் என்று பகலை ஓட்டிப் பாருங்கள். தூங்கும் குட்டியைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பகல் குரைப்புக்குப் பெரும்பாலும் வாசல்தான் காரணம். காலிங் பெல், பால்காரர், தெருநாய். குட்டி குரைக்கிறது, வந்தவர் போய்விடுகிறார், தான் குரைத்ததால்தான் போனார் என்று அது நினைத்துக்கொள்கிறது. கேட்டிலும் பால்கனியிலும் மூன்றடி உயரத்துக்குக் கெட்டித் துணியோ பாயோ கட்டி மறைத்தாலே குரைப்பு வெகுவாகக் குறையும். மணிச் சத்தத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து, காதில் விழுந்தும் விழாத ஒலியளவில் ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுங்கள், பாதி வேர்க்கடலை அளவு போதும். ஒரு நேரத்துக்குப் பத்து முறை. குரைக்காமல் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கிய பிறகே ஒலியைக் கூட்ட வேண்டும். குரைத்துவிட்டால் ஒலியைக் கூட்டியது அவசரம் என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள்.

"போதும்" என்ற சொல்லையும் இப்படியே கற்றுக்கொடுக்கலாம். மூன்று முறை குரைக்கட்டும். கோழித்துண்டை மூடிய கைக்குள் வைத்து மூக்கருகே கொண்டுபோங்கள். மோப்பம் பிடிப்பதற்காக வாயை மூடும். அந்த நொடியில் சாந்தமான குரலில் "போதும்" என்று சொல்லி, இரண்டு எண்ணிக் கையைத் திறங்கள். நாளாக ஆக ஐந்து, பத்து, இருபது என்று எண்ணுங்கள். நாம் சத்தம் போட்டுச் சொன்னால், நாமும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அதற்குப் படும்.

அடிப்பது, வாயைப் பிடித்து அழுத்துவது, மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை, இவை எதுவும் வேண்டாம். பயம் அப்படியே இருக்கும், அதைச் சொல்லும் குரல் மட்டும் அடங்கும். உறுமி எச்சரிக்காமல் நேரே கடிக்கும் நாய் பல சமயம் இப்படித்தான் உருவாகிறது. நாள் முழுக்கச் சங்கிலியில் கேட்டருகே கட்டிப்போடுவதும் குரைப்பை வளர்க்கவே செய்யும்.

இவ்வளவும் செய்து இரண்டு வாரத்தில் மாற்றமே இல்லை என்றால் உடம்பைப் பாருங்கள். காதுமடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். இருந்தால் மண்ணெண்ணெய் தடவ வேண்டாம், அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் விஷம். வயிறு மட்டும் உப்பி, உடம்பு மெலிந்திருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். புழு மருந்தை இரண்டாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரம்வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறையும், எடை பார்த்துக் கொடுக்க வேண்டும். நான்கு மாதத்தில் பால் பற்கள் விழத் தொடங்கும். ஈறு வலியில் இரவில் முனகும் குட்டிக்கு, ஈரத்துணியை முறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே கடிக்கக் கொடுங்கள். அடிக்கடி சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தாலோ, தலையை உதறிக்கொண்டே இருந்தாலோ மறுநாளே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தியோடு ரத்தம் கலந்த கழிச்சல் போனால் அது பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று குட்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே விசாரித்து, எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

நன்றி, வணக்கம்.