மருத்துவக் கல்லூரியைக் காக்கவைத்த கேப்டன்

நேயர்களுக்கு வணக்கம். படிப்பு, விளையாட்டு, பொதுச்சேவை மூன்றும் ஒரே ஆளிடம் சேருமா என்பது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பொத்தாம்பொதுவாகப் பேசினால் உங்களுக்கும் கொட்டாவி வரும், எனக்கும் வரும். அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொள்கிறேன். பெயர் கிரெய்க் பிரெஸ்லோ. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணிக்குக் கேப்டனாக இருந்தவர். இடக்கை பிட்சர். அங்கே அவர் படித்தது மூலக்கூறு உயிரியற்பியலும் உயிர்வேதியியலும். பட்டம் வாங்கியது 2002-இல்.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிட்சர் என்பவர் நம் கிரிக்கெட் பவுலரைப் போலத்தான். ஆனால் ஓடிவர முடியாது. சின்ன மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து, அறுபது அடி ஆறு அங்குலத்துக்கு அப்பால் நிற்கும் மட்டையாளரை நோக்கி வீச வேண்டும். பந்து தரையில் குத்தாது. அதனால் எல்லாச் சாமர்த்தியமும் விரலிலும் தோளிலும்தான்.

யேல், ஐவி லீக் எனப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒன்று. அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. நன்றாகப் பந்து வீசுகிறாய் என்று ஒரு டாலர் கட்டணம்கூடக் குறைக்க மாட்டார்கள். ஊர் நியூ ஹேவன். பிப்ரவரி, மார்ச்சில் பனி. ஃபுளோரிடா, டெக்சாஸ் பிள்ளைகள் வெயிலில் ஆடிக்கொண்டிருக்கும்போது இவர்கள் கூரைக்குக் கீழே பயிற்சி எடுப்பார்கள், பிறகு தெற்கே பயணம் போய் ஆடுவார்கள். கல்லூரி விளையாட்டு விதிப்படி, போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வைக்கக் கூடாது. பஸ் பயணம் அந்தக் கணக்கில் வராது! விதி எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்.

அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. ஓர் அணிக்கு ஒரே கேப்டன்தான். பயிற்சியாளர் நியமிப்பதில்லை, கூட ஆடுகிறவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 1948-இல் இந்தப் பேஸ்பால் அணிக்குக் கேப்டன் மூத்த ஜார்ஜ் புஷ், பிற்பாடு அமெரிக்க அதிபரானவர். போர் விமானியாக இருந்துவிட்டு வந்து, இரண்டரை ஆண்டில் பொருளாதாரப் பட்டத்தை முடித்தவர். அந்த நாற்காலியில்தான் கடைசி ஆண்டில் பிரெஸ்லோவும் உட்கார்ந்தார். அந்த ஆண்டு ஐவி லீகிலேயே மிகக் குறைவாக ரன் கொடுத்த பிட்சர் அவர்தான். ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரி 2.56 ரன்.

அவர் டாக்டராக வேண்டும் என்று நினைத்ததற்கு மதிப்பெண் காரணமில்லை. சிறுவனாக இருந்தபோது அக்காவுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. அக்காவும் அப்போது சின்னப் பெண்தான். பிழைத்துக்கொண்டார். ஆனால் வீட்டில் ஒரு பிள்ளைக்கு அந்த நோய் வந்தால் மற்ற பிள்ளை எதையெல்லாம் பார்த்து வளரும் என்பது அப்படிப்பட்ட வீடுகளுக்குத் தெரியும். மருத்துவம் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். அமெரிக்கத் தொழில்முறை அணிகள் ஆண்டுக்கொரு முறை இளம் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும். அதற்குப் பெயர் டிராஃப்ட். 2002-இல் அது 50 சுற்று. பிரெஸ்லோவை மில்வாக்கி அணி எடுத்தது 26-ஆவது சுற்றில். அதாவது, வந்தால் வரட்டும் என்கிற இடம். கீழ்மட்ட லீகுகளில் இரண்டு ஆண்டு ஓட்டினார். 2004-இல் அனுப்பிவிட்டார்கள். பெரிய அணிகளோடு எந்த ஒட்டும் இல்லாத ஒரு சிறு லீகில், நியூ ஜெர்சி ஜாக்கல்ஸ் என்ற அணிக்குப் போனார். அங்கே போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் கடைசி அணி.

கையில் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் இடம் இருந்தது. நம் வீடாக இருந்திருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்போம். அவர் கல்லூரியில் சேருவதைத் தள்ளிப்போட்டார். 2005-இல் சான் டியாகோ அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் மேஜர் லீக் எனப்படும் உச்ச மட்ட லீகின் மைதானத்தில் பந்து வீசினார்.

படிப்பு ஒரு கைகாவல், ஆட்டம் போனால் பிழைத்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. அந்த மருத்துவ இடம் ஆட்டத்துக்கு வெளியே காத்திருக்கவில்லை, ஆட்டத்துக்குள்ளேயே அவருக்கு உதவியது. தோற்றால் தெருவில் நிற்க மாட்டோம் என்று தெரிந்தவனால்தான் இன்னும் ஒரு வருஷம் முட்டிப் பார்க்க முடியும். அதே சிறு லீகில், வேறு வழி எதுவும் இல்லாமல், வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பையனுக்கு அந்த ஒரு வருஷம் கிடைக்காது. பிரெஸ்லோவைப் பாராட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் பந்தில் பெரிய வேகமும் கிடையாது. மணிக்கு 90 மைலை ஒட்டித்தான் இருக்கும், அந்த மட்டத்தில் அது சாதாரணம். பல அணிகள் எடுத்தன, விட்டன. 2008-இல் கிளீவ்லாந்து கைவிட்டு மினசோட்டா எடுத்துக்கொண்டது. நாளைக்கு எந்த ஊர் என்று நிச்சயமில்லாத அதே 2008-இல்தான் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய் குறித்த ஆராய்ச்சிக்காக 'ஸ்டிரைக் 3' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். நியூ ஹேவனில் உள்ள யேல் குழந்தைகள் மருத்துவமனையின் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கும் அதன் பணம் போயிருக்கிறது.

கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு அமெரிக்காவில் ஒரு விருது தருகிறார்கள். வகுப்பறை, சமூகம், நடத்தை, ஆட்டம் என்று நான்கையும் பார்ப்பார்கள். கடைசி ஆண்டு மாணவர்களுக்கு மட்டும்தான். ஏனென்றால் பேஸ்பாலில் மூன்றாம் ஆண்டு முடிந்ததுமே டிராஃப்டில் போய்விடலாம், நல்ல பிட்சர்கள் பாதிப் படிப்பில் கிளம்பிவிடுவார்கள். போகாமல் படிப்பை முடிக்கிறவரைப் பாராட்ட ஓர் ஏற்பாடு. நல்லதுதான். ஆனால் சேவையை விருதுப் பட்டியலில் ஒரு கட்டமாக வைத்தால், கட்டத்தை நிரப்புகிற சேவையும் வரத்தான் செய்யும். பிரெஸ்லோ அறக்கட்டளை தொடங்கியபோது கல்லூரி முடிந்து ஆறு ஆண்டு ஆகிவிட்டது. எந்தக் கட்டமும் பாக்கியில்லை.

2013 அவருடைய நல்ல ஆண்டு. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு 61 ஆட்டம், சராசரி 1.81. அணி உலகத் தொடருக்குப் போனது, மேஜர் லீகின் இறுதித் தொடருக்கு அதுதான் பெயர். பேஸ்பாலிலேயே பெரிய அறிவாளி என்று பத்திரிகைகள் அதற்குள் அவருக்குப் பட்டமே கட்டியிருந்தன. அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ். வெளிக்களத்திலிருந்து வந்த பந்தைக் கேட்சர், நம் விக்கெட் கீப்பர் போன்றவர், விட்டுவிட்டார். பின்னால் நின்ற பிரெஸ்லோ சரியான இடத்தில்தான் நின்றார், பந்தை எடுத்தும்விட்டார். ஒரு ரன்னுக்கு நான்கு பேஸ்களை, அதாவது நான்கு முனைகளை, ஓடித் தொட வேண்டும்; மூன்றாவது பேஸுக்கு ஓடுகிறவரை அவுட்டாக்கலாம் என்று வீசினார். பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்து கூட்டத்துக்குள் விழுந்தது. எதிரணிக்கு இன்னொரு ரன். செயின்ட் லூயிஸ் 4-2 என்று ஜெயித்தது. உயிர்வேதியியல் அந்த அரை விநாடியில் என்ன செய்யும்? தொடரைக் கடைசியில் பாஸ்டன் வென்றுவிட்டது, இல்லாவிட்டால் அந்த வீச்சை இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மாணவன் வெளியே வந்தது வயதான பிறகுதான். 36 வயதில், இனி யாரும் எடுக்க மாட்டார்கள் என்ற நிலையில், கையைத் தாழ்த்தி வீசும் புது முறைக்கு மாறினார். பந்து எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்து சுழல்கிறது என்று காட்டும் கருவியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்தையும் அளந்து அளந்து கற்றார். 2017-இல் மீண்டும் மேஜர் லீகில் ஆடினார். 2019-இல் ஆட்டத்தை விட்டுச் சிகாகோ கப்ஸ் அலுவலகத்தில் சேர்ந்தபோது, மற்ற பிட்சர்களை வளர்க்க அந்தப் பழக்கமே கை கொடுத்தது.

2023 அக்டோபரில் ரெட் சாக்ஸ் அவரைத் தலைமைப் பொறுப்பில் உட்கார வைத்தது. ஆட்களை எடுப்பதும் விடுவதும் இப்போது அவர் கையில். 2025 ஜூனில் அணியின் பெரிய மட்டையாளர் ரஃபேல் டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அந்த ஆண்டு அணி பிளே-ஆஃப் வரை போய், நியூயார்க் யாங்கீஸிடம் தோற்று வெளியேறியது. முடிவு சரியா தவறா என்று பாஸ்டனில் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். மருத்துவக் கல்லூரியில் அவர் கடைசிவரை சேரவில்லை. வணக்கம்.