வளர்த்தது அம்மா, விலை பேசுனது அப்பா

வணக்கம் மக்களே, எல்லாரும் சாப்டாச்சா? மணி எட்டு ஆச்சு, மலேசியாவுல சுங்கை சிப்புட்ல எங்க வீட்டு பின்பக்கம் நிக்கிறேன், இங்க அடைக்கோழி படுத்திருக்கு, அதான் மெதுவா பேசுறேன்.

எங்கம்மா எஸ்டேட் லயத்துல இருந்தப்ப விடியறதுக்கு முன்னாடியே பெரட்டு, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்குறது, ஆனா அதுக்கும் முன்னாடி எழுந்து கூண்டத் திறந்து பழைய சோத்துல தவிடு பெசஞ்சு போட்டுட்டுதான் பால்வெட்டுக்கு ஓடுவாங்க, சாயங்காலம் எண்ணிப் பாத்து ஒண்ணு குறைஞ்சாலும் டார்ச்ச தூக்கிக்கிட்டு செம்பனைக்குள்ள போயிருவாங்க, உடும்பு தூக்கிச்சா, மூசாங்குன்னு சொல்ற மரநாய் தூக்கிச்சான்னு தெரியணும். அப்பா சம்பளம் கடை பாக்கிக்கே சரியா இருக்கும், என் ஸ்கூல் ஷூ, தங்கச்சிக்கு மூக்குக்கண்ணாடி எல்லாம் கோழி காசு. ஆனா தீபாவளிக்கு சேவல் கேட்டு ஆள் வந்தா விலை பேசி காசு வாங்குறது அப்பா. அது எனக்கு இன்னிக்கும் உறுத்துது.

எனக்கு 13 வயசுல ஒரே வாரத்துல 26 கோழி போச்சு. வெள்ளைக்கழிச்சல், நியூகாசில்னு சொல்ற கோழி நோய். பேருதான் வெள்ளை, பச்சையா கழியுது, கழுத்து திருகிக்குது, காலையில கூண்டத் திறந்தா வரிசையா கெடக்குது, அம்மா ஒரு வார்த்தை பேசாம குழி தோண்டுனாங்க. அதுக்கப்புறம் தடுப்பு மருந்து போடுறதப் பத்தி விளக்கம் குடுக்க ஒருத்தர் வந்தாரு, ஆம்பளைங்கள மட்டும் கூப்பிட்டு உக்கார வச்சாரு. கோழி எது சோர்ந்து நிக்குது, எது தீனி எடுக்கலன்னு அவங்களுக்கு என்ன தெரியும்?

இத்தனைக்கும் 1980கள்லயே நம்ம யூபிஎம் யூனிவர்சிட்டில, ஆஸ்திரேலியாக்காரங்களோட சேர்ந்து, கம்பத்துக்கோழிக்குன்னே, அதான் நம்ம நாட்டுக்கோழிக்கு, சூட்டுல சீக்கிரம் கெடாத தடுப்பு மருந்து பண்ணி தீனியில கலந்து குடுத்துப் பாத்திருக்காங்க.

நாங்க இப்ப தடுப்பு மருந்த கோழி கண்ணுல ஒரு சொட்டு விடுறோம். ஒரு பாட்டில்ல 100 கோழிக்கு வரும், கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துல முடிச்சிரணும், வெயில் படக்கூடாது, அதனால பக்கத்து வீட்டு அக்கா, எதிர்வீட்டு அத்தை எல்லாரும் ஒரே நாள்ல சாயங்காலமா போட்டுக்கிறோம், ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் சொட்டு விட. நோய் வந்தப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல, நல்லா இருக்குற கோழிக்குத்தான். எத்தன மாசத்துக்கு ஒரு தடவன்னு மருந்துக்கு மருந்து மாறும், வெட்னரி ஆபீஸ்ல கேட்டுக்குங்க, தயவு செஞ்சு அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.

2022 ஜூன்ல கோழி தட்டுப்பாடு வந்து வெளிநாட்டுக்கு அனுப்புறதயே நிறுத்துனாங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப எங்க வரிசையில முட்டைக்கு அலையாத வீடு கோழி வச்சிருந்த வீடுதான்.

சரி, லைட்ட அணைக்கிறேன், இன்னிக்கு அடை வச்சு 7ஆவது நாள். டார்ச் மேல முட்டைய வச்சா... தெரியுதா, நடுவுல ஒரு கரும்புள்ளி, சுத்தி சிலந்தி வலை மாதிரி செவப்பு நரம்பு. உயிர் இருக்கு. இது வெறும் மஞ்சளா தெரியுது, இது கூமுட்டை, எடுத்துரலாம். 12ல 10 தேறிருச்சு! இன்னும் 14 நாள். இந்தத் தடவ சேவல் வித்தா அம்மாதான் விலை சொல்லுவாங்க, அப்பாகிட்ட நானே பேசிட்டேன்.