மடை திறந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நூறு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கரை ஊர்களில் எப்படி வாழ்ந்தார்கள் என்று பேசச் சொன்னார்கள். செங்கல்பட்டு ஜில்லாவை எடுத்துக்கொள்கிறேன், மதுராந்தகம், வேடந்தாங்கல் எல்லாம் அங்கேதானே.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க மீன் பிடிப்பார்கள், ஈரம் காயாத இடத்தில் வெள்ளரி போடுவார்கள், அப்புறம் வண்டி கட்டி வண்டலை அள்ளிப் போய் வயலில் கொட்டுவார்கள். வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட விடமாட்டார்கள், எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்று தெரியும். அதற்காக 1858-லேயே கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்திருந்தார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நீர்க்கட்டியைப் பற்றி, அதாவது ஏரித் தண்ணீரைத் திறந்து வயல்களுக்குப் பங்கிட்டு விடும் ஆள். சில ஊர்களில் கம்புகட்டி என்பார்கள். ஏரித் தண்ணீரை வெளியே விடும் பழைய மதகில் கல்லில் வட்டமாக ஒரு துளை இருக்கும், அதை அடைக்க ஒரு மரக்கட்டை, கட்டையிலிருந்து தண்ணீருக்கு மேலே நீளமாக ஒரு கம்பு. அதைத் தூக்கினால் தண்ணீர் பாயும். எவ்வளவு தூக்குவது, எந்த வயலுக்கு முதலில், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் கணக்கு. தண்ணீர் குறைந்த வருஷத்தில் தலைமடைக்காரர், அதாவது மதகை ஒட்டி வயல் வைத்திருப்பவர், சண்டைக்கு வந்தாலும் கடைசி வயலான கடைமடை வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அடைமழை ராத்திரியில் கரை எங்கே கசிகிறது என்று நடந்து பார்ப்பவரும் அவர்தான். அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாகக் கூலி அளப்பார்கள்.

பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் தலித் மக்கள். ஆயக்கட்டில், அதாவது ஏரி பாயும் வயல்களில், சொந்த நிலம் இல்லாததால் பாரபட்சம் பார்க்கமாட்டார் என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதைக் கேட்டால் கோபம்தான் வருகிறது. ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் விட்டவர் ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒரு குடம் மொண்டுகொள்ள முடியாது, தெருவில் தடையில்லாமல் நடக்கவும் முடியாது.

இதே மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன்தான் 1924-ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார், பொதுத்தெரு, பொதுக்கிணறு, குளம் எதுவானாலும் யாரையும் தடுக்கக் கூடாது என்று. தீர்மானம் நிறைவேறியது. ஊர்களில் நடைமுறைக்கு வர இன்னும் எத்தனையோ வருஷப் போராட்டம் வேண்டியிருந்தது.

உங்கள் ஊரில் நீர்க்கட்டி குடும்பத்துப் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து போய் உட்கார்ந்து பேசுங்கள், எந்த மதகில் எவ்வளவு தண்ணீர் விட்டார்கள், கரை எங்கே பலவீனம் என்று கேட்டு எழுதி வையுங்கள், அவர்கள் பெயரோடு.