எந்த மாசத் தீ, எந்தச் சரிவுத் தீ

(மதுரையில ஒரு நூலகத்து மாடி ஹால்ல, சனிக்கிழமை சாயங்காலம் பேசுனது. ரெக்கார்ட் பண்ணத கேட்டு ஒரு தம்பி எழுதிக் குடுத்தாரு. பேச்சு பேச்சாவே இருக்கட்டும், திருத்த வேணாம்னு நான்தான் சொன்னேன்.)

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி கேக்குதா? அந்த ஃபேன கொஞ்சம் கொறைங்க தம்பி, ஒரு கட்டப்பை நெறைய சருகும் புல்லும் கொண்டாந்திருக்கேன், பறந்துச்சுன்னா கூட்டுறவங்க நம்மள வைவாங்க. மதுரையில நின்னு நெருப்பப் பத்திப் பேசுனா கண்ணகியில ஆரம்பிக்கணும்னு ஒரு எழுதாத சட்டம் இருக்கு. அத தலைவரு வரவேற்புரையிலேயே முடிச்சுட்டாரு, எனக்கு வேல மிச்சம். நேரா மலைக்குப் போயிருவோம்.

இந்தா பாருங்க, ரெண்டு புல்லு. ஒரே மலையில புடுங்குனதுதான். இத மடக்குறேன், வளையுது. இந்தா இது, பட்டுனு ஒடிஞ்சிருச்சு, சத்தம் மைக்ல கேட்டுருக்கும். அம்புட்டுதான் வித்தியாசம், ஆனா வளையுற புல்லுல தீ தவழ்ந்து போகும், ஒடியுற புல்லுல ஓடும். தீயப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க காட்டுல கெடக்குற வெறகையெல்லாம் மணிக்கணக்குல பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க, புல்லு, சருகு மாதிரி சன்னமானது ஒரு மணி நேர வெறகு, விரல் தடிமன் குச்சி பத்து மணி நேரம், மணிக்கட்டு தடிமன் நூறு மணி நேரம், பெரிய கட்டை ஆயிரம் மணி நேரம். என்ன கணக்குன்னா, வெளிக்காத்து மாறுனா அதுக்கேத்த மாதிரி இது காயவோ நமக்கவோ ஏறக்குறைய எம்புட்டு நேரம் எடுத்துக்கிடும்ங்கிறதுதான். அதனால "போன வாரந்தானே சார் மழ பேஞ்சுச்சு, இப்ப எப்பிடி எரியும்"னு யாராச்சும் கேட்டாங்கன்னா அவங்க கட்டையப் பாத்துட்டு கேக்குறாங்கன்னு அர்த்தம். புல்லுக்கு போன வாரம்லாம் ஞாபகம் கெடையாது. காலையில பனியில நனைஞ்சு கெடந்த புல்லு பதினோரு மணி வெயிலுக்கு தயாரா நிக்கும்.

இன்னொண்ணு, நம்ம பக்கத்து மலையில ஐப்பசி கார்த்திகை மழ நல்லா பேஞ்சா எல்லாரும் சந்தோசப்படுறோம், சரிதான், ஆனா அந்த மழையிலதான் புல்லு ஆளுசரத்துக்கு வளருது, தையில காயுது, மாசி பங்குனியில காத்து தூக்குதுன்னா அம்புட்டும் வெறகு. காஞ்ச வருசந்தான் தீ பயம்னு நெனைக்காதீங்க, நல்லா மழ பேஞ்ச வருசத்துக்கு அடுத்து வர்ற கோடைதான் புல்லு மலைக்கு கண்டம்.

அடுத்தது சரிவு. வீட்டுக்குப் போயி ஒரு தீக்குச்சிய கொளுத்தி தலைய மேல வச்சு நிமித்திப் பிடிங்க, மெதுவா எறங்கி வந்து அணைஞ்சு போகும். தலைகீழா பிடிங்க, விரல சுட்டுரும். அதேதான் மலை. அடிவாரத்துல பத்துன தீயோட அனலு மேல இருக்குற புல்லையும் முன்னக்கூட்டியே காய வச்சு வறுத்து வச்சிருது. ஆஸ்திரேலியாவுல ஒரு கைக்கணக்கு சொல்லுவாங்க, சரிவு பத்து டிகிரி கூடுனா தீயோட வேகம் ரெண்டு மடங்கு. இருபது டிகிரின்னா நாலு மடங்கு. ஆளுக்கு அப்பிடியே தலைகீழ், சரிவு கூடக் கூட வேகம் கொறையும்.

2018 மார்ச் 11, போடி பக்கம் குரங்கணி. அத இங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க, தீக்காயம் பட்டவங்களுக்கு நம்ம பெரியாஸ்பத்திரியிலயும்தான் வைத்தியம் நடந்துச்சு. கொழுக்குமலைப் பக்கம் மலையேறப் போயிட்டு எறங்கிட்டு இருந்தவங்கள புல்லுச்சரிவுல தீ மறிச்சிருச்சு, இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. யாரு அனுமதி, யாரு தப்புங்கிற பேச்சு நெறைய நடந்துச்சு, அதுக்குள்ள நான் போகல. இதுக்கு 69 வருசம் முன்னாடி, 1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவுல மொன்டானா மாநிலத்துல மேன் கல்ச்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்கயும் காஞ்ச புல்லு, செங்குத்துச் சரிவு, கீழருந்து தீ. செத்தவங்க யாருன்னா விவரம் தெரியாத ஆளுக இல்ல, தீய அணைக்கிறதுக்குன்னே பயிற்சி எடுத்து பாராசூட்ல குதிக்கிற ஆளுக பன்னெண்டு பேரு, முன்னாடி அதே வேல பாத்த தீக் காவலரு ஒருத்தரு, மொத்தம் பதிமூணு பேரு. அவங்களுக்கு ஃபோர்மேனா இருந்த டாட்ஜ்ங்கிறவரு பொழைச்சாரு, எப்பிடின்னா, ஓடிக்கிட்டே இருந்தவரு நின்னு, தன் முன்னாடி இருந்த புல்லுல தானே தீக்குச்சிய கிழிச்சுப் போட்டாரு. அது எரிஞ்சு மேல போச்சு, எரிஞ்ச சாம்பலுக்குள்ள போயி குப்புறப் படுத்துக்கிட்டாரு, பெரிய தீ வந்துச்சு, அங்க திங்க ஒண்ணும் இல்ல, சுத்திக்கிட்டு போயிருச்சு. கூட இருந்தவங்களையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டாரு, ஒருத்தரும் வரல. இந்தாளுக்கு பைத்தியம் புடிச்சிருச்சுன்னுதான நெனைச்சிருப்பாங்க, நானா இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன்.

இந்தக் கதைய ஒரு வாட்சர் அண்ணன்கிட்ட சொன்னேன், நம்ம பக்கந்தான், இருபது வருசத்துக்கு மேல மலையில தீயணைச்ச ஆளு. அவரு டீயக் குடிச்சுக்கிட்டே, "இதுல என்ன சார் இருக்கு, கருகுன எடத்துக்குள்ள போயிருன்னு எங்கப்பாவே சொல்லுவாரு"ங்கிறாரு. எதிர்த்தீ வைக்கிறது, பச்சைக்கொப்ப ஒடிச்சு தீயோட ஓரத்த அடிக்கிறது, தீ முன்னேறுற தலைக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல போறது, எல்லாம் அவங்களுக்கு கைப்பழக்கம். மேன் கல்ச்சுக்குப் பெறகு அமெரிக்காக்காரங்க இதுக்குன்னே மிசூலாவுல பெரிய ஆராய்ச்சிக்கூடம் கட்டுனாங்க, அங்கருந்துதான் ராதர்மெல்ங்கிறவரு 1972-ல தீ எம்புட்டு வேகமா போகும்ங்கிறதுக்கு கணக்கு போட்டுக் குடுத்தாரு, இன்னைக்கும் கம்ப்யூட்டர்ல ஓடுற பல மாடலுக்கு அடி அதுதான். அண்ணன் கையில இருக்குறது அனுபவம், ராதர்மெல் எழுதுனது கணக்கு, ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்ததே இல்லைங்கிறதுதான் எனக்கு மனசு ஆறாத விசயம்.

சரி, தீயே வேணாம், முழுசா நிறுத்திரலாம்னு ஒரு காலத்துல எல்லா ஊர்லயும் நெனைச்சாங்க. இங்க வெள்ளைக்காரன் தேக்கு மரத்த காப்பாத்தணும்னு 1860-கள்லயே ஆரம்பிச்சான், நம்ம வனச்சட்டமே 1882-ல போட்டது, இன்னைக்கும் அதுதான். அமெரிக்காவுல 1935-ல ஒரு உத்தரவு, எங்க தீ தெரிஞ்சாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள்ள அணைச்சிரணும். அணைச்சாங்க, நல்லாத்தான் அணைச்சாங்க. ஆனா எரியாத வெறகு எங்கிட்டும் போயிராது, சேந்துக்கிட்டே இருக்கும், வட்டி ஏறுன கடன் மாதிரி. சின்னச் சின்னத் தீயா கழிஞ்சிருக்க வேண்டியது மொத்தமா ஒரு நாள் வந்து நிக்கும்.

நம்ம பக்கத்துக் கதை இதவிட சுவாரசியம். சத்தியமங்கலத்துக்கு அங்கிட்டு, கர்நாடகாவுல பிலிகிரிரங்கன் மலை, அங்க சோலகர் ஜனங்க காலங்காலமா கோடை முத்துறதுக்கு முன்னாடி சருகுக்கு தீ வைப்பாங்க, தரகு பெங்கின்னு பேரு, சருகுத் தீன்னு அர்த்தம். கணுக்கால் ஒசரம்தான் எரியும், அணைஞ்சுபோகும். 1974-ல அது சரணாலயம் ஆச்சு, தீ வைக்கக் கூடாதுன்னு தடை வந்துச்சு. அப்பறம் என்ன ஆச்சுன்னா உண்ணிச்செடி. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச செடிதான், மஞ்சளும் ரோசுமா பூக்குமே, அழகர்கோயில் ரோட்டுல ரெண்டு பக்கமும் நிக்கும். அந்த மலையில 1997-லயும் பெறகு 2008-லயும் ஒரே எடங்கள்ல அளந்து பாத்தா உண்ணி ஏறக்குறைய ரெண்டு மடங்கு எடத்துல பரவிக் கெடக்குது.

இப்ப இங்கதான் சண்டை. விஞ்ஞானிகள்ல ஒரு சாரார், தீதான் உண்ணிய வளக்குது, எரிஞ்சா தூருலருந்து மறுபடி தழையுது, தழைஞ்சது அடுத்த தீக்கு வெறகாகுது, இது ஒரு சுத்துன்னு சொன்னாங்க. சோலகர் பெரியவங்க, இல்ல சாமி, நீங்க தீய நிறுத்துனதுனாலதான் உண்ணி வந்துச்சு, நெல்லி மரத்துல புல்லுருவியும் ஏறிக்கிச்சுன்னு சொன்னாங்க. யாரு சரி? நான் ரொம்ப நாள் ரெண்டு பக்கமும் மாறி மாறி தலையாட்டிக்கிட்டு இருந்தேன், வெக்கப்படாம சொல்றேன். அப்பறந்தான் புரிஞ்சது, ரெண்டு பேரும் வேற வேற தீயப் பத்திப் பேசுறாங்க. உண்ணி மொளைச்சு விரக்கடை அளவுல இருக்கையில சருகுத் தீ வந்தா கன்னு கருகிரும். அதே உண்ணி தலைக்கு மேல பொதரா வளந்தப்பறம் தீ வந்தா, ஏணி வச்ச மாதிரி மரத்து உச்சிக்குப் போயிரும், மரம் சாகும், உண்ணி மட்டும் தூருலருந்து திரும்ப தழையும். அதனால இருபது முப்பது வருசம் தீய நிறுத்திட்டு, பொதரானப்பறம், பழைய முறைக்கே போறோம்னு ஒருத்தன் தீக்குச்சிய எடுத்தாலும் தப்புதான். மொதல்ல பொதரைத் தூரோட எடுக்கணும். மேல வெட்டுனா பத்தாது, வேரும் தண்டும் சேருற எடத்துக்குக் கீழ வெட்டி தலைகீழா கவுத்துப் போடணும். எடுத்த எடத்துல நம்ம ஊரு புல்ல வெதைக்கணும். அதுக்கும் பெறகுதான் தீயப் பத்திப் பேச்சு.

என் சொந்தக் கதை ஒண்ணு, சுருக்கமா. நான் தாவரவியல் வாத்தியார், பசங்கள கூட்டிக்கிட்டு ஒரு சரிவுல, எரிஞ்ச எடத்துல மூணு, எரியாத எடத்துல மூணு, இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் கட்டம் போட்டு, மூலைக்கு மூலை செவப்பு பெயின்ட் அடிச்ச இரும்புக் குச்சி அடிச்சு அஞ்சு வருசம் அளந்தோம். ஆறாம் வருசம் போறோம், ரெண்டு கட்டத்துக்கு நடுவுல சுத்தமா, கல்யாண வீட்டு வாசல் மாதிரி, தீத்தடுப்புக் கோடு வெட்டியிருக்கு. வெட்டுனவங்களுக்கு யாரும் சொல்லல, சொல்ல வேண்டியவங்களுக்கு நாங்க குடுத்த லெட்டர் எந்த ஃபைல்ல இருந்துச்சோ. இரும்புக் குச்சி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அஞ்சு வருசத்துல பாத்தது என்னமோ வீண் போகல, ஆறு கட்டத்த வச்சு ஒலகத்துக்கு தீர்ப்பு சொல்லவும் முடியாது. ஆனா சாம்பலப் படிக்கக் கத்துக்கிட்டேன்.

இந்த டப்பாவுல ரெண்டு சாம்பல் இருக்கு. கருப்பா இருக்குறது புல்லு எரிஞ்ச எடம், தீ வேகமா கடந்து போயிருச்சு, மண்ண கையால நோண்டுனா ரெண்டு விரக்கடைக்குக் கீழ வேரு வெள்ளையா உசுரோட இருக்கும். ஏன்னா அனலு மேலதான் போகும், மண்ணு லேசுல சூட்ட கடத்தாது. இந்த வெள்ளச் சாம்பல், இது ஒரு கட்டை கெடந்து ராத்திரி பூரா கனிஞ்ச எடம், மண்ணு செங்கல் நெறத்துக்கு வந்துருச்சு, உள்ள இருந்த வெதையும் போச்சு. மொத மழ பேஞ்சா இந்த மண்ணு தண்ணியக் குடிக்காது, வழிச்சுக்கிட்டு போகும். எங்க போகும்? சிறுமலையில பேயுறது பாலமேட்டுப் பக்கம் சாத்தையாறு அணைக்கு வருது, வருசநாட்டு மலையில பேயுறது வைகைக்கு வருது. வண்டல் பத்தி கூட்டம் போடுறப்ப யாரும் சாம்பலப் பத்திப் பேசுறதில்ல. அப்பறம் மரத்தப் பாருங்க, எரிஞ்ச மரத்தோட தூருல ஒரு பக்கம் முழங்கால் ஒசரம் கருகியிருக்கும், மறுபக்கம் இடுப்பு ஒசரம் ஏறியிருக்கும், தீ கீழருந்து மேல போனா மேட்டுப் பக்கந்தான் கருப்பு ஒசந்து நிக்கும். தீ எங்கருந்து வந்துச்சுன்னு அந்த மரமே கைகாட்டிரும்.

மத்த ஊர்ல என்ன செய்றாங்க? தென்னாப்பிரிக்காவுல க்ரூகர் காட்டுல 1954-லருந்து கட்டம் கட்டமா பிரிச்சு, ஒண்ணுல வருசா வருசம், ஒண்ணுல ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, மூணு வருசத்துக்கு ஒருக்கா எரிச்சு, ஒண்ண எரிக்காமலே விட்டு, இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க. ஆரம்பிச்சவங்க ரிட்டயராகி போயி எம்புட்டோ காலம் ஆச்சு, கட்டம் இருக்கு. (நம்ம இரும்புக் குச்சிய நெனைச்சுக்கிட்டேன்.) வட ஆஸ்திரேலியாவுல ஆர்ன்ஹெம் லேண்ட்ங்கிற எடத்துல பழங்குடி ஜனங்களையே ரேஞ்சர்களா சம்பளம் குடுத்து வச்சு, புல்லு பாதி பச்சையா இருக்குற காலத்துலயே துண்டு துண்டா எரிக்க விடுறாங்க, 2006-லருந்து அது பெரிய திட்டமா நடக்குது, அதனால கடைசிக் கோடையில வர்ற ராட்சசத் தீ கொறைஞ்சிருக்கு, புகை கொறைஞ்சதுக்கு கார்பன் கணக்குல பணமும் வருது. தெரிஞ்ச வேலைக்கு கூலி, அது ரொம்ப முக்கியம். நம்ம பழியரும் முதுவரும் அதே வேலையத் தெரிஞ்சுக்கிட்டு, தீ எங்க எரிஞ்சாலும் மொத சந்தேகப் பார்வைய வாங்கிக்கிட்டு இருக்காங்க.

சாட்டிலைட் இருக்கேம்பீங்க. இருக்கு. டேராடூன்ல இந்திய வன அளவை நிறுவனம் 2004-லருந்து தீ எச்சரிக்கை அனுப்புது, இப்ப போனுக்கே மெசேஜ் வருது. ஆனா இப்ப இருக்குற நல்ல கருவிக்கே ஒரு புள்ளின்னா 375 மீட்டர், அதாவது ஏறக்குறைய 35 ஏக்கருக்குள்ள எங்கனயோ ஒரு எடம். அதுவும் மதியம் ஒண்ணரைய ஒட்டி ஒரு தடவ, ராத்திரி ஒண்ணரைய ஒட்டி ஒரு தடவதான் கடந்து போகும். நாலு மணிக்கு பீடிய தூக்கிப் போட்டா அது கண்ணுக்கு ராத்திரிதான் தெரியும். வாட்சர் அண்ணன் மூக்குக்கு நாலே காலுக்குத் தெரியும்.

கேள்வியா? கேளுங்கம்மா.

"அப்ப கொடைக்கானல் பக்கமும் இந்த மாதிரி முன்னாடியே எரிச்சு விடலாமா சார்?"

நல்ல கேள்வி, பதில் என்னன்னா எடத்தச் சொல்லுங்க, பெறகு சொல்றேன். அடிவாரத்து தேக்கு, வேங்கை, மருது இதெல்லாம் தடிச்ச பட்டை, இந்தா இந்தப் பட்டைய கையில வாங்கிப் பாருங்க, கட்டைவிரல் தடிமன் இருக்கு, சின்னத் தீய தாங்கும். மேல சோலைக்குள்ள இருக்குற மரத்துக்கு அப்பிடி சட்டை கெடையாது, உள்ள ஈரம்தான் அதுக்கு காவல், ஓரத்துல தீய வச்சு அந்த ஈரத்தக் கெடுத்தா சோலை சுருங்கிரும். சோலைக்கு இடையில நட்டு வச்ச சவுக்கு மாதிரி நிக்குதே வாட்டில் மரம், அதோட வெதை வருசக்கணக்கா மண்ணுக்குள்ள தூங்கும், சூடு பட்டா கூட்டமா எந்திரிக்கும். அங்க தீ வச்சா வாட்டிலுக்கு வெதைப்பு நடத்திக் குடுத்த மாதிரி. அதனால மேல கூடாது, நடுவுல யோசிச்சு, கீழ அளந்து பாத்து, அதுவும் வனத்துறை ஆளும் ஊர்க்காரரும் சேந்து நின்னு, தை மாசம், காத்து அடங்குன நேரத்துல. நீங்களும் நானும் தீப்பெட்டியோட போனா அது குத்தம், உள்ள வச்சிருவாங்க.

அங்க பின்னாடி தம்பி. நத்தம் ரோட்டுல போறப்ப மலையில புகை பாத்தா என்ன பண்ணணுமா? ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்கு முன்னாடி 101-க்கு அடிங்க, நீங்க எங்க நிக்கிறீங்க, புகை மலையோட அடியிலயா உச்சியிலயா, எந்தப் பக்கம் சாயுதுன்னு சொல்லுங்க, அந்த மூணும் போதும். மலைக்குள்ள இருக்கையில பாத்தா மேல ஓடாதீங்க. பக்கவாட்டுல போங்க, பாறை, ஓடை மணல், ஏற்கெனவே கருகுன எடம், இதுல எது பக்கமோ அங்க.

சரி, மணி ஏழரை ஆச்சு, கடைசி பஸ் இருக்குறவங்க கெளம்புங்க. பையில இருக்குறத தொட்டுப் பாக்கணும்னா முன்னாடி வாங்க, பட்டைய மட்டும் திரும்பக் குடுத்துருங்க, வாட்சர் அண்ணன் குடுத்தது.