தொகையைச் சொல்வார்கள், ஆளைச் சொல்ல மாட்டார்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டைப் பக்கமெல்லாம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். மாதம் இவ்வளவு ரூபாய், சிலிண்டருக்கு இவ்வளவு, அரிசி இத்தனை கிலோ. கொடுப்பதை மட்டும்தான் அந்த ஒலிபெருக்கி சொல்லும். ஜெயித்து வந்தால் இன்னதை நிறுத்துவோம், இன்னாரைப் பட்டியலிலிருந்து எடுப்போம் என்று எந்தக் கட்சியும் எந்தத் தெருவிலும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் நியாய விலைக் கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கோட்டையில் கொடுக்க முடிவெடுத்தாலும் நிறுத்த முடிவெடுத்தாலும் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் கடைசியில் பில் போடுகிறவன்தான். அந்த அனுபவத்தை வைத்துப் பேசச் சொல்லித்தான் அழைத்திருக்கிறார்கள். எந்தக் கட்சிக்கும் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. இந்த விஷயத்தில் யாருக்கும் வாங்க முடியாது.

முதலில் பிரிட்டனில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அது நம் ஊர்க் கதையைப் புரிந்துகொள்ள உதவும்.

2015 மே 7 அன்று அங்கே நாடாளுமன்றத் தேர்தல். ஆட்சியில் இருந்தது கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் சேர்ந்த கூட்டணி. பிரதமர் டேவிட் கேமரன், நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன். மீண்டும் வந்தால் மக்களுக்குத் தரும் உதவித்தொகைகளில் ஆண்டுக்கு 1,200 கோடி பவுண்டு குறைப்போம் என்று கன்சர்வேட்டிவ் கட்சி பகிரங்கமாகவே சொன்னது. அப்படியானால் இதில் என்ன ரகசியம் என்று கேட்பீர்கள். தொகையைச் சொன்னார்கள், யார் வீட்டுப் பணம் என்று சொல்லவில்லை. 1,200 கோடியில் ஒரு சிறு பகுதிக்குத்தான் கணக்கு காட்டினார்கள். முதியோர் ஓய்வூதியத்தில் கை வைக்க மாட்டோம் என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். வயதானவர்கள்தான் தவறாமல் ஓட்டுப் போடப் போகிறவர்கள், இல்லையா? உதவித்தொகைகளைக் கவனிக்கும் துறையின் அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித்திடம் தொலைக்காட்சியில் விவரம் கேட்டபோது, சொன்னாலும் சொல்வோம், சொல்லாமலும் இருப்போம் என்ற பாணியில் பதில் வந்தது.

ஓட்டுப் பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூட்டணிக்குள்ளிருந்தே ரகசியம் உடைந்தது. நிதித்துறையில் இருந்த லிபரல் டெமாக்ரட் அமைச்சர் டேனி அலெக்சாண்டர், 2012-இல் அரசுக்குள் வைக்கப்பட்ட யோசனைகளைப் பத்திரிகையிடம் வெளியிட்டார். 800 கோடி பவுண்டு குறைக்க வழி சொன்ன தாள் அது. குழந்தைகளுக்கான உதவியை இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்வது அதில் ஒன்று. அதெல்லாம் எங்கள் திட்டம் இல்லை என்று கன்சர்வேட்டிவ் கட்சியினர் மறுத்தார்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பார்வையாளர் ஒருவர் நேருக்கு நேர் கேட்டபோது, குழந்தைகளுக்கான வரிச் சலுகைத் தொகையில் கை வைக்கும் எண்ணம் இல்லை என்றார் கேமரன். தேர்தல் முடிந்தது, தனிப் பெரும்பான்மை கிடைத்தது. ஜூலை 8 அன்று ஆஸ்போர்ன் வாசித்த பட்ஜெட்டில் அந்தத் தொகையும் குறைந்தது, இரண்டு குழந்தை வரம்பும் வந்தது. அக்டோபரில் நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபை முட்டுக்கட்டை போட்ட பிறகு நவம்பரில் ஒரு பகுதியை விலக்கிக்கொண்டார்கள். இரண்டு குழந்தை வரம்பு மட்டும் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தே விட்டது.

மொத்தத் தொகையைக் கேட்டால் யாருக்கும் வலிக்காது. 1,200 கோடி என்றால் அது யாரோ ஒருவருடைய பணம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். மூன்றாவது குழந்தைக்கு இல்லை என்று சொல்லியிருந்தால் மூன்று குழந்தை வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் அன்று இரவே பேச்சு நடந்திருக்கும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம்மிடம் இது தலைகீழாக நடக்கும். அங்கே குறைக்கும் தொகையைச் சொல்லி ஆளை மறைத்தார்கள். இங்கே கொடுக்கும் தொகையைச் சொல்லி, கிடைக்காத ஆளை மறைக்கிறார்கள்.

2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். தெருவில் நான் கேட்டவரையில் நிபந்தனை எதுவும் காதில் விழவில்லை. 2023 மார்ச் பட்ஜெட்டில் ‘தகுதி வாய்ந்த’ என்ற சொல் முன்னால் வந்து உட்கார்ந்தது. அப்புறம் தகுதி என்னவென்று வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழ் மின்சாரம், கார் இருக்கக் கூடாது. ஒரு கோடியே 63 லட்சத்துக்கும் மேல் விண்ணப்பம் வந்தது. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியபோது சுமார் ஒரு கோடியே 6 லட்சம் பேருக்குக் கிடைத்தது.

கார் வைத்திருப்பவருக்கு ஆயிரம் ரூபாய் எதற்கு என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். நிதி அளவானது, வரம்பு வைக்காமல் எந்த அரசும் நடத்த முடியாது. ஆனால் அந்த 3,600 யூனிட்டைப் புளியந்தோப்பில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். மாடியும் கீழுமாக மூன்று குடித்தனம், வாசலில் ஒரே மீட்டர். ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்து வீட்டுக்காரரிடம் கொடுப்பார்கள். மாதம் 300 யூனிட் அந்த மீட்டரில் ஓடத்தான் செய்யும். ஒரு மீட்டருக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கை எங்கோ ஒரு அறையில் போட்டிருக்கிறார்கள். ஓட்டுக்கு முன்பே அந்த நிபந்தனையைச் சொல்லியிருந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் மேடையில் இருந்தவரிடமே மீட்டர் கதையைச் சொல்லியிருப்பார்கள். விதி எழுதும் முன்பே அதில் உள்ள குறை தெரிந்திருக்கும். ரகசியத்தால் வரும் நஷ்டத்தில் இதுவும் ஒன்று. நம்மை ஏமாற்றுவது ஒருபக்கம் இருக்கட்டும், விதியே தப்பாக எழுதப்படுகிறது.

மகாராஷ்டிராவில் இன்னும் வேகமாக நடந்தது. 2024 நவம்பரில் சட்டமன்றத் தேர்தல். அதற்குச் சில மாதம் முன்பு, ஜூலையில், பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தரும் லாட்கி பகின் திட்டம் தொடங்கியது. அப்போது சேர்ப்பதில்தான் அவசரம், சரிபார்ப்பதில் இல்லை. ஜெயித்த பிறகு சரிபார்ப்பு தொடங்கி, 2025-இல் 26 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணத்தை நிறுத்தி வைத்தார்கள். அதில் தகுதியில்லாதவர்களும் இருந்தார்கள்தான். அந்தப் பட்டியலைத் தேர்தலுக்கு முந்தின மாதம் பார்த்திருக்க முடியாதா என்பதுதான் கேள்வி.

சரி, என் மேசைக்கே வந்த விஷயத்துக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் மத்திய அரசு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி கூடுதலாக இலவசமாகக் கொடுத்தது நினைவிருக்கும். வழக்கமான ஒதுக்கீட்டுக்கு மேல் அது தனி. நான்கு பேர் உள்ள முன்னுரிமைக் குடும்ப அட்டைக்கு 20 கிலோ கூடுதல். 2022 செப்டம்பரில் அதை டிசம்பர் கடைசி வரை நீட்டித்தார்கள். இடையில் குஜராத், இமாச்சலப் பிரதேசத் தேர்தல்கள். டிசம்பர் 8 அன்று ஓட்டு எண்ணினார்கள். டிசம்பர் 23 அன்று மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது: உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தரும் 5 கிலோவும் இனி இலவசம். தலைப்புச் செய்தி எல்லாம் ‘இலவசம்’ என்றுதான் வந்தது. கூடுதல் 5 கிலோ அந்த மாதத்தோடு நின்றது.

வடமாநிலங்கள் பலவற்றில் அந்த முதல் 5 கிலோவுக்குக் கிலோ 3 ரூபாய் கொடுத்து வந்தார்கள். அது மிச்சமானது. தமிழ்நாட்டிலோ 2011 ஜூன் முதலே ரேஷன் அரிசி இலவசம். அதனால் நமக்குப் புதிதாக வந்தது எதுவும் இல்லை, போனது மட்டும்தான். தொற்று ஓய்ந்த பிறகு கூடுதல் அரிசியை நிறுத்துவதற்குக் காரணம் சொல்ல முடியும். அதை நிறுத்தம் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம்.

ஜனவரியில் கைரேகை வைத்ததும் மெஷின் ஒரே பில்லோடு நின்றுவிட்டது. என் கடையில் ஒட்டச் சொல்லி எந்த அறிவிப்பும் கைக்கு வரவில்லை. “இன்னாண்ணா, போன மாசம் ரெண்டு தபா அரிசி போட்ட, இப்ப ஒரு தபாதான் போடுற? மீதிய நீ எடுத்துக்கினியா?” என்று ஒரு பெண் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் அதையே நினைத்தார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. டெல்லியில் எடுத்த முடிவுக்குக் கொடுங்கையூரில் திருட்டுப் பட்டம். எடை போடும் தம்பி பாவம், அந்த வாரம் முழுக்க வாய் வலிக்க விளக்கம் சொன்னான்.

அந்த ‘முன்னுரிமை’ என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2017 ஜூலை இறுதியில் தமிழக அரசிதழ் விதிகள் வெளியே தெரிந்து பெரிய பரபரப்பானது. வருமான வரி கட்டுவோர், கார், ஏசி வைத்திருப்போர், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறை கொண்ட கான்கிரீட் வீடு உள்ளோர், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளோர் முன்னுரிமைப் பட்டியலில் வர மாட்டார்கள் என்று இருந்தது. அப்போதைய உணவு அமைச்சர் எல்லோருக்கும் அரிசி தொடரும் என்றார். தொடரவும் செய்தது, அதில் பொய் இல்லை. ஆனால் உங்கள் ஸ்மார்ட் கார்டில் பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்) என்றும் என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றும் அச்சடித்த எழுத்து அப்படியே இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கூடுதல் அரிசி முன்னுரிமை அட்டைக்கு மட்டும்தான் என்று 2021-இல் ஆனபோதுதான், நம் கார்டில் ‘என்’ இருக்கிறதே என்று தேடி ஓடி வந்தார்கள். பிரிப்பது ஓர் ஆட்சியில், அதைப் பயன்படுத்துவது இன்னோர் ஆட்சியில்.

கேஸ் மானியத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், எல்லோர் பாஸ்புக்கிலும் இருக்கிற கதைதான். 2020 மே மாதத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு வரவு வரவில்லை. அப்போது விலை இறங்கியிருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. விலை திரும்ப ஏறியபோது மானியம் மட்டும் திரும்பவில்லை. சென்னையில் சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசு வரை போனது. 2023 ஆகஸ்ட் இறுதியில் 200 ரூபாய் குறைத்தார்கள், 2024 மார்ச் 8 மகளிர் தினத்தன்று இன்னும் 100. ஏப்ரல் 19 நமக்கு மக்களவைத் தேர்தல். குறைத்த நாள் எல்லோருக்கும் தெரியும், மானியம் நின்ற நாளைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

இதற்கெல்லாம் சட்டம் ஒன்றும் இல்லையா என்றால், பாதி இருக்கிறது. இலவச அறிவிப்புகள் பற்றி 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான் தீர்ப்புச் சொன்னது. அதன்படி தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் தேர்தல் அறிக்கைக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தது. வாக்குறுதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று பொதுவாகவாவது சொல்ல வேண்டும் என்கிறது அது. பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறது, எந்தத் திட்டத்திலிருந்து எடுப்பாய் என்று கேட்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4, மக்களைப் பாதிக்கும் முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போதே தொடர்புடைய விவரங்களை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 8, முடிவெடுத்து விஷயம் முடியும் வரை அமைச்சரவைத் தாள்களைக் காட்ட வேண்டியதில்லை என்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பம் போட்டால் நமக்கு வருகிற பதில் பெரும்பாலும் பிரிவு 8 பக்கம்தான் சாயும்.

அதனால் காகிதத்தை நம்பி உட்காராமல், வாசலுக்கு வருகிறவரிடம் கேட்பதே சுருக்கு வழி. மாதம் 2,000 என்று சொன்னால், எந்த நிபந்தனை, எங்கள் மீட்டருக்கு என்ன கணக்கு, இப்போது முதியோர் பணம் வாங்கினால் இதுவும் வருமா என்று கேளுங்கள். காசிமேட்டில் இதற்கு வசதி அதிகம். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கரையில் இருக்கும், ஆண்களும் வீட்டில் இருப்பார்கள், தேர்தல் அந்த நாட்களில் வந்தால் பிரசாரத்துக்கு வருகிறவரைப் பிடித்துக் கேட்கலாம். பதிலை நோட்டில் எழுதி, தேதி போட்டு, சொன்னவரிடமே கையெழுத்துக் கேளுங்கள். போட மாட்டார்கள். போடாததையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.