ஜான் புல்லைப் பெற்ற டாக்டர்

நேயர்களுக்கு வணக்கம். கோர்ட் படி ஏறி இறங்கியவர்களுக்கு இன்றைய பேச்சு சட்டென்று புரியும். இங்கிலாந்து என்றதும் கார்ட்டூன்களில் ஒரு தொப்பைக்காரர் வருவாரே, ஜான் புல், அவரைக் கதையில் முதலில் உலவவிட்டவர் ஒரு டாக்டர். பெயர் ஜான் அர்புத்நாட். 1667-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், ஆன் ராணியின் வைத்தியர்.

அப்போது ஸ்பெயின் அரியணை யாருக்கு என்று ஐரோப்பாவே அடித்துக்கொண்டிருந்தது. 1712-ல் நம் டாக்டர் ஒரு கிண்டல் கதை எழுதி, அந்தப் போரை அப்படியே ஒரு சிவில் கேஸாக மாற்றிவிட்டார். இங்கிலாந்துதான் ஜான் புல், துணி வியாபாரி. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி போட்டிக் கடைக்காரர் லூயிஸ் பபூன். ஊரே கொண்டாடிய தளபதி மார்ல்பரோ யார் தெரியுமா? வக்கீல்! ஹோகஸ் என்று பெயர். இந்த வக்கீல் கேஸை முடிப்பாரா? வாய்தா மேல் வாய்தா. ஜான் புல்லின் கல்லாப்பெட்டி காலியாகிறது, மனுஷனுக்கோ வழக்குப் பைத்தியம் பிடித்து, தானே வக்கீலாகிவிடலாமா என்று யோசிக்கிறார். நல்லவர்தான், ஆனால் வெயில் அடித்தால் சிரிப்பார், மேகம் மூடினால் சிடுசிடுப்பார். லண்டன் வானிலைக்கு இது போதும்! போர் வெறியை இதைவிடச் சுருக்கமாக யாரும் கிண்டல் செய்ததில்லை என்பேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

இதிலெல்லாம் டாக்டர் தன் பெயரைக்கூடப் போடவில்லை. ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய நண்பர் ஸ்விஃப்ட் எழுதியது என்றே பலர் நினைத்தார்கள். எழுதிய தாள்களைப் பிள்ளைகள் காற்றாடி செய்தாலும் கண்டுகொள்ள மாட்டாராம். 1735-ல் கவிஞர் போப் அவர் பெயரிட்டு ஒரு கவிதைக் கடிதம் வெளியிட்டார், அடுத்த மாதமே டாக்டர் காலமானார்.

அப்புறம், அவர் கணக்கிலும் புலி. அதை விரிவாகச் சொல்லத்தான் நினைத்தேன், இங்கே கடிகாரம் முறைக்கிறது. லண்டன் ஞானஸ்நானப் பதிவுகளில் 1629 முதல் 82 வருஷமும் ஆண் குழந்தைகளே அதிகம். காசு சுண்டினால் 82 தடவையும் தலையே விழுமா? விழாது, ஆகவே இது கடவுள் ஏற்பாடு என்றார். ஆண்களுக்கு வெளியே ஆபத்து அதிகம், அதை ஈடுகட்டத்தான் இந்தக் கூடுதல் என்றார். கடைசியில் ஆணும் பெண்ணும் சமமாகிவிடுவதால், பலதார மணம் இயற்கைக்கு விரோதம் என்பதற்கும் இதே கணக்குதான் சாட்சி! ஸ்விஃப்டும் போப்பும் இவரும் கூடிய ஸ்கிரிப்ளீரஸ் கிளப் என்ற கிண்டல் எழுத்தாளர் கூட்டத்தைத் தொடவே இல்லை, அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.